பழைய .32 பிஸ்டல்: துடைப்பதும் பழுது அறிவதும்

தேர்தல் தேதி அறிவித்த கையோடு துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வருகிறோம். வாக்கு எண்ணிக்கை முடிந்து திரும்ப வாங்குவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். அப்படி ஒருமுறை திரும்பி வந்த என் தாத்தாவின் பிஸ்டலைத் தோலுறையிலிருந்து உருவினேன். ஸ்லைடின் வலப்பக்கத்தில் உறையின் தையல் வரிசை அப்படியே புள்ளி புள்ளியாகத் துருவாகப் பதிந்திருந்தது. வைத்திருந்தவர்கள் மேல் குற்றமில்லை. உறையோடு கொடுத்தது நான்தான். தோலில் பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் இருக்கின்றன. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இதற்கு ஒரு மழைக்காலம் போதும். இடுப்பில் அணிந்து செல்லத்தான் தோலுறை. பெட்டியில் வைக்கும்போது பிஸ்டல் வேறு, உறை வேறு.

இந்த அத்தியாயத்துக்கு நான் எடுத்துக்கொள்வது கோல்ட் 1903 பாக்கெட் ஹேமர்லெஸ். ஜான் பிரவுனிங் வடிவமைத்து, 1903 முதல் 1945 வரை அமெரிக்காவின் கோல்ட் நிறுவனம் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்த .32 பிஸ்டல். நம் நாட்டில் 9 மி.மீ. பிஸ்டல் சாதாரண உரிமத்தில் வராது; .32 வரும். 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதியும் நின்றுவிட்டது. அதனால் அதற்கு முன் வந்த கோல்ட், வெப்லி, வால்தர், எஃப்.என். பிஸ்டல்கள் நிலப் பட்டாவைப் போல உரிமத்தின் வழியே தலைமுறை மாறி வந்துகொண்டிருக்கின்றன. உங்களிடம் இருப்பது வேறு கம்பெனியாக இருந்தால் கழற்றும் முறை மாறும். பழுதுக்கான காரணங்கள் பெரும்பாலும் மாறாது.

வேலையைத் தொடங்குமுன் எல்லையைச் சொல்லிவிடுகிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கத் தனி உரிமம் வேண்டும். துடைப்பது, எண்ணெய் இடுவது, எங்கே தகராறு என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அரம் பிடிப்பது, பாகம் மாற்றுவது உரிமம் பெற்ற கடையின் மிஸ்திரி வேலை. இந்தக் கோடு சட்டத்துக்காக மட்டும் போட்டது அல்ல. நான் கேடு கண்ட பழைய பிஸ்டல்களில் பாதிக்கு மேல் ஓடி ஓடித் தேய்ந்தவை அல்ல, யாரோ "கொஞ்சம் ராவி"ச் சரிசெய்தவை.

முதலில் காலி செய்யுங்கள்

தோட்டாக்கள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. குழந்தைகளும்தான். பிஸ்டலின் வாய் பத்திரமான பக்கம் பார்க்க, விரல் டிரிக்கருக்கு வெளியே இருக்க, முதலில் மேகசினை எடுங்கள். 1903-இல் அதன் பூட்டு கைப்பிடியின் அடியில், பின்விளிம்பில் இருக்கிறது. பிறகுதான் ஸ்லைடை இழுக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், சேம்பரிலிருந்த தோட்டா வெளியே விழுந்ததைப் பார்த்து நிம்மதியடைவீர்கள். அடுத்த தோட்டா மேகசினிலிருந்து ஏறி உள்ளே உட்கார்ந்திருக்கும்.

இந்த மாடலில் இன்னொரு கண்ணி உண்டு. பிற்காலத்துப் பிஸ்டல்கள் பலவற்றில் கடைசித் தோட்டா போனதும் ஸ்லைடு திறந்தபடியே நிற்கும்; கண்ணுக்கு அது ஓர் அடையாளம். 1903-இல் நிற்காது, மூடிக்கொள்ளும். ஆகவே மூடியிருக்கும் ஸ்லைடைப் பார்த்துக் காலி என்றும் சொல்ல முடியாது, நிறைந்தது என்றும் சொல்ல முடியாது. ஸ்லைடைக் கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் சேம்பருக்குள் பாருங்கள். பிறகு சுண்டுவிரல் நுனியை விட்டுத் தொட்டும் பாருங்கள். 1926-க்குப் பிறகு வந்தவற்றில் மேகசின் இல்லாவிட்டால் டிரிக்கர் வேலை செய்யாதபடி ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அதை நம்பி யாரும் எதுவும் செய்ய வேண்டாம். உங்களுடையது எந்த ஆண்டினது, முன்பு யார் என்ன கழற்றினார்கள் என்பது உங்களுக்கு நிச்சயமாகத் தெரியாது.

பெயரில் 'ஹேமர்லெஸ்' என்று இருந்தாலும் உள்ளே ஹேமர் இருக்கிறது. ஸ்லைடு அதை மூடியிருக்கிறது, அவ்வளவுதான். வெளியே தெரியாததால் அது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் இந்தப் பிஸ்டலைச் சோதிப்பது பெரும்பாலும் காதால் நடக்கும்.

கழற்றுவது

பிரவுனிங்கின் கைவண்ணம் இங்கேதான் தெரிகிறது. ஒரு கருவியும் வேண்டாம். ஸ்லைடின் வலப்பக்கத்தில் ஒரு சிறு குறி வெட்டியிருக்கும். அந்தக் குறி கீழே ஃபிரேமின் முன்விளிம்புக்கு நேராக வரும்வரை ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பிடியுங்கள். பேரலின் நுனியை விரலால் திருப்புங்கள். ஒரு பக்கம்தான் திரும்பும். மறுக்கிற பக்கம் பலம் காட்டாதீர்கள். பேரலின் அடியிலுள்ள வரிகள் ஃபிரேமை விட்டு விலகி ஸ்லைடோடு சேர்ந்துகொள்ளும். அப்போது ஸ்லைடும் பேரலும் ஒன்றாக முன்பக்கம் உருவிக்கொண்டு வரும். எண்ணெய்க் கை வழுக்கினால் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள். இடுக்கி வேண்டாம். பேரல் வாயின் விளிம்பில் ஒரு சிராய்ப்பு விழுந்தால் சுடும் குறி தவறும்.

முன்பக்கம் வரும்போது பெரிய ஸ்பிரிங் துள்ளும். உள்ளங்கையை அணைகொடுத்து மெதுவாக விடுங்கள். ஸ்பிரிங் எந்த முனை எந்தப் பக்கம் இருந்தது என்று கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லைடு இல்லாத நிலையில் ஏறியிருக்கும் ஹேமர் கண்ணில் படும். டிரிக்கரை இழுத்துப் பார்க்கும் ஆசை வரும். இழுக்காதீர்கள். தடுக்க ஸ்லைடு இல்லாததால் ஹேமர் ஃபிரேமில் போய் அடிக்கும். நூறு ஆண்டு இரும்புக்கு அந்த அடி ஆகாது.

இதற்கு மேல் கழற்ற வேண்டாம். கைப்பிடித் தகடுகள் பழைய கறுப்பு ரப்பர் என்றால் வயதாகி அப்பளம்போல் ஆகியிருக்கும். ஈரம் உள்ளே போயிருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தாலொழிய அந்தத் திருகைத் தொடாதீர்கள். தொட்டாலும், வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி வேண்டும்.

எண்ணெய்

பழைய பிஸ்டலின் பெரிய நோய் துரு அல்ல, எண்ணெய் என்பது என் அனுபவம். வீட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது, போட்டார்கள். நல்லெண்ணெய் இருந்தது, அதையும் போட்டார்கள். தாவர எண்ணெய் காற்றுப் பட்டால் மெல்ல இறுகி, எண்ணெய்ப் பலகாரம் சுட்ட வாணலியின் ஓரத்தில் படியும் பழுப்புப் பிசின் போலாகும். அது ஃபயரிங் பின் ஓடும் துளையில் படிந்துவிட்டால் ஹேமர் முழு வேகத்தில் அடித்தாலும் பின் சோம்பலாகத்தான் நகரும். தோட்டா வெடிக்காது. உடனே தோட்டாவைக் குறை சொல்வோம்.

மண்ணெண்ணெய் இந்தப் பிசினைக் கரைக்கும். நம் முன்னோர் அதைத்தான் பயன்படுத்தினார்கள், இன்றும் தவறில்லை. ஆனால் மண்ணெண்ணெய் உலர்ந்ததும் இரும்பு அம்மணமாக நிற்கும். அன்று இரவே துருப் பிடிக்கும். துடைத்த சூட்டோடு மினரல் எண்ணெய் போட்டாக வேண்டும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெய் கிடைக்காவிட்டால் நல்ல தையல் மெஷின் எண்ணெய் போதும். ரப்பர் கைப்பிடியில் மண்ணெண்ணெய் பட விடாதீர்கள். நிக்கல் முலாம் பூசிய பிஸ்டல் என்றால் அமோனியா கலந்த கரைசல் பக்கமே போகாதீர்கள். முலாமுக்கு அடியிலுள்ள செம்பை அது தின்னும்.

பேரலைச் சேம்பர் பக்கத்திலிருந்துதான் தேய்க்க வேண்டும். இந்த மாடலில் பேரலை மறுபடி திருப்பி ஸ்லைடிலிருந்து தனியே எடுத்துவிடலாம் என்பதால் அது எளிது. பித்தளைப் பிரஷை ஒரே வீச்சில் மறுபக்கம் வெளியே வரும்வரை தள்ளி, அதன் பிறகு இழுங்கள். நடுவில் நிறுத்தித் திருப்பினால் முட்கள் மடியும். பிறகு வெள்ளைத் துணித் துண்டுகள்; கறுப்பு சாம்பலாகி, சாம்பல் வெள்ளையாகும்வரை. பேரலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நிழல் வளையம் ஒன்று தெரிந்தால் அந்த இடத்தில் எப்போதோ ஒரு குண்டு சிக்கியிருக்க, அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டிருக்கிறது. பேரல் உப்பியிருக்கிறது என்று பொருள். அதோடு வேலையை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போங்கள்.

மிகப் பழைய தோட்டாக்களைச் சுட்ட பேரலுக்குத் தனிச் சிகிச்சை. அந்தக் காலத்துப் பிரைமர்களில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. நம் சமையல் உப்பின் உறவு. அந்த உப்பு எண்ணெயில் கரையாது. எத்தனை எண்ணெய் போட்டாலும் அதற்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுத்து இரும்பைக் குழி போடும். நீரில்தான் கரையும். பேரலைத் தனியே எடுத்து வெந்நீர் ஊற்றிக் கழுவி, சூடு ஆறுமுன் உலர்த்தி, எண்ணெய் போடுங்கள். துப்பாக்கிக்குத் தண்ணீரா என்று பதறுபவர்கள் உண்டு. பதற வேண்டியது தண்ணீர் தங்குவதற்குத்தான்.

ஸ்லைடின் முகத்தில், தோட்டாவின் அடிப்பகுதி வந்து உட்காரும் இடத்தில், எக்ஸ்ட்ராக்டர் என்ற கொக்கி இருக்கிறது. பல்குத்தும் குச்சியால் அந்தக் கொக்கியின் உட்புறத்தைச் சுரண்டிப் பாருங்கள். கரியும் பித்தளைத் துகளும் கட்டியாக வரும். ஐந்து நிமிட வேலை. அடுத்து வரும் பழுதுகளில் இரண்டை இதுவே தீர்க்கும்.

வெளியே தெரியும் துருவுக்கு உப்புத்தாள் வேண்டாம், பித்தளை பாலிஷும் வேண்டாம். இரண்டுமே நீலப் பூச்சை எடுத்துவிடும், போனது போனதுதான். எண்ணெய் ஊறிய துணியை அந்த இடத்தில் ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் முரட்டுத் துணியால் அழுத்தித் துடையுங்கள். என் தாத்தாவின் ஸ்லைடில் தையல் புள்ளிகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. அப்படியே விட்டிருக்கிறேன்.

திரும்பப் பூட்டும்போது எண்ணெய் குறைவாக இருக்கட்டும். ஸ்லைடு ஓடும் தடங்களில் தலா ஒரு சொட்டு, பேரலின் வெளிப்புறத்தில் ஒரு பூச்சு. ஃபயரிங் பின் துளையிலும் மேகசின் உள்ளேயும் எண்ணெய் ஊற்றாதீர்கள். மேகசினில் ஊற்றிய எண்ணெய் தோட்டாவின் பிரைமருக்குள் கசிந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பேரலிலிருந்து வந்த கறுப்பில் ஈயம் இருக்கிறது.

காதால் ஒரு சோதனை

பூட்டிய பிறகு, காலி என்று மறுபடி உறுதிசெய்துகொண்டு, காலி மேகசினைப் போடுங்கள். ஸ்லைடை இழுத்து விட்டு, கட்டைவிரல் பூட்டை மேலே தள்ளி டிரிக்கரை இழுங்கள். சத்தம் வரக் கூடாது. பூட்டை இறக்குங்கள், அப்போதும் சத்தம் வரக் கூடாது. அடுத்து, கைப்பிடியின் பின்புறம் அழுந்தும் பாதுகாப்பு இருக்கிறதல்லவா, அது உள்ளங்கையில் படாதபடி விலக்கிப் பிடித்து இழுங்கள். இப்போதும் மௌனம் வேண்டும். பிறகு சரியாகப் பிடித்து இழுத்தால் 'டக்'. அந்த டிரிக்கரை விடாமல் இழுத்தபடியே ஸ்லைடை ஒருமுறை இழுத்து விடுங்கள்: ஹேமர் விழக் கூடாது. டிரிக்கரை விட்டு மறுபடி இழுத்தால்தான் விழ வேண்டும்.

இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தப் பிஸ்டலில் தோட்டா ஏற்றக் கூடாது. இந்தச் சோதனையை நாளுக்குப் பத்து முறை செய்து விளையாடவும் வேண்டாம். பழைய ஃபயரிங் பின் வெற்றடியில் உடையும். போலித் தோட்டா ஒன்று வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

தகராறு எங்கே?

எனக்கு இந்த வேலையைக் காட்டிக்கொடுத்த மிஸ்திரியிடம் முதன்முதலில் பிஸ்டலைக் கொண்டுபோய், "தோட்டா சரியா ஏறமாட்டேங்குது ஐயா, சேம்பர் வாயைக் கொஞ்சம் ராவணும்போல" என்றேன். அவர் பிஸ்டலை வாங்கவே இல்லை. "மேகசினை மட்டும் குடு தம்பி" என்றார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, மேல் உதடுகளில் ஒன்று வெளியே சாய்ந்திருப்பதைக் காட்டினார். "கீழே போட்டியா?" போட்டிருந்தேன். அன்று ராவியிருந்தால் மேகசின் தகராறு அப்படியே இருந்திருக்கும். சேம்பர் தகராறு ஒன்று கூடியிருக்கும்.

ஆகவே முதல் சந்தேகம் மேகசின் மேல். இரண்டாவது தோட்டா மேல். மூன்றாவது அழுக்கு, நான்காவது ஸ்பிரிங். இரும்பைச் சந்தேகிப்பது கடைசியில். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். மேகசினையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றினால் எது தீர்த்தது என்று தெரியாமலே போகும்.

தோட்டாவில் நம் நாட்டில் ஒரு குழப்பம் உண்டு. '.32' என்ற பெயரில் இரண்டு இருக்கின்றன. ரிவால்வருக்கானது நீளமானது, அதன் கூடு 23 மி.மீ.; பிஸ்டலுக்கானது 17 மி.மீ. கடையில் ".32 பிஸ்டலுக்கு" என்று சொல்லி வாங்குங்கள். இதே உருவத்தில் கோல்ட் 1908-இல் கொண்டுவந்த .380 பிஸ்டலும் இருக்கிறது; ஸ்லைடில் வெட்டிய எழுத்தைப் படித்துவிட்டுத்தான் தோட்டாவைத் தொட வேண்டும்.

அந்த எழுத்தைப் படித்தால் 'காலிபர் .32 ரிம்லெஸ் ஸ்மோக்லெஸ்' என்று இருக்கும். ரிம்லெஸ் என்றால் விளிம்பு இல்லாதது. உண்மையில் இந்தத் தோட்டாவின் அடியில் மெல்லிய விளிம்பு ஒன்று துருத்திக்கொண்டிருக்கிறது. சேம்பரில் தோட்டா தாங்கி நிற்பதும் அந்த விளிம்பில்தான். மேகசினுக்குள் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொள்ளும். ஸ்லைடு தள்ளினாலும் மேல் தோட்டா நகராது, மூக்கு கீழே சரிந்து நிற்கும். ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் தீராது. மேகசினை எடுத்து, தோட்டாக்களைக் கையால் வெளியே எடுத்து, ஒவ்வொன்றின் விளிம்பும் தனக்குக் கீழுள்ளதற்கு முன்னால் இருக்கும்படி அடுக்குங்கள். குட்டையான தோட்டாக்களில் இது அதிகம் நடக்கிறது. உள்ளே முன்னும் பின்னும் ஆட அவற்றுக்கு இடம் கிடைக்கிறது. முழு உலோக உறை போட்ட, உருண்டை மூக்குத் தோட்டாவுக்காகச் செய்த பிஸ்டல் இது. அதையே கொடுங்கள்.

வெற்றுக்கூடு வெளியேறாமல் ஸ்லைடின் வாயில் செங்குத்தாகச் சிக்கி நிற்பது அடுத்த வகை. இந்தப் பிஸ்டலில் சுடும் நேரத்தில் ஸ்லைடையும் பேரலையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்டு ஏதும் இல்லை. வெடிப்பின் அழுத்தமே கூட்டைப் பின்னுக்குத் தள்ளி ஸ்லைடை ஓட்டுகிறது. பழைய தோட்டாவில் வலு குறைந்திருந்தாலும், தடங்களில் பிசின் இருந்தாலும் ஸ்லைடு முழுத் தூரம் போகாது. கொக்கியின் அடியில் அழுக்கிருந்தால் கூட்டைப் பிடித்துவைக்க முடியாது. துடைத்து, புதுத் தோட்டா போட்டும் தொடர்ந்தால் எக்ஸ்ட்ராக்டரோ அதன் ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

கூடு அளவுக்கு மீறித் தூரமாகப் போய் விழுந்து, கையில் உதையும் கூடினால் பெரிய ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. ஸ்லைடு ஒவ்வொரு முறையும் ஃபிரேமில் மோதுகிறது. அப்படியே சுட்டுக்கொண்டிருந்தால் ஒருநாள் விரிசல் விழும். புது ஸ்பிரிங் கிடைக்கும்வரை சுடாதீர்கள்.

சுடும் களத்தில் டிரிக்கர் இழுத்து 'டக்' மட்டும் கேட்டால் உடனே ஸ்லைடை இழுக்காதீர்கள். இலக்கின் பக்கமே பிடித்தபடி முப்பது வினாடி காத்திருங்கள். பழைய தோட்டா தாமதமாக வெடிப்பதுண்டு. பிறகு வெளியே எடுத்து பிரைமரைப் பாருங்கள். ஆழமான குழி என்றால் தோட்டாவின் குற்றம். மேலோட்டமான குழி என்றால் ஃபயரிங் பின் துளையின் பிசினோ தளர்ந்த ஹேமர் ஸ்பிரிங்கோ காரணம். வழக்கமான சத்தம் இல்லாமல் 'புஸ்' என்று கேட்டால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். காலி செய்து, பேரலைத் தனியே எடுத்து ஊடே பாருங்கள். குண்டு உள்ளே நின்றிருந்தால் அடுத்த குண்டு அதன் முதுகில் போய் முட்டும்.

ஒரே இழுப்பில் இரண்டு குண்டு போனால் அதைத் தானியங்கி என்று வியக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹேமரைப் பிடித்து நிற்கும் சிறு விளிம்பு தேய்ந்துவிட்டது, அல்லது யாரோ டிரிக்கரை இலகுவாக்க ராவியிருக்கிறார்கள். அடுத்த முறை அது உங்கள் இடுப்பில் இருக்கும்போதும் போகலாம். மேகசினை எடுத்து, சேம்பரைக் காலி செய்து, அங்கிருந்து நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். கொண்டுபோகும்போது உரிமப் புத்தகம் கையில் இருக்கட்டும். கடையில் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கி அதோடு வையுங்கள்.